தானமாக வந்த கணினிகளும் ஊர்ப் பட்டறையும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிக் காலை முதல் விரிவாகப் பேசியாகிவிட்டது. பிற்பகலில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் சற்றுப் புதுமையானது. நம் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றின் பொதுப் பட்டறைக்கு நகரத்துக் கம்பெனி ஒன்று விலையுயர்ந்த கணினிச் சாதனங்களைத் தானமாக வழங்கியிருக்கிறது. அவற்றை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்ற கேள்வியில் அவ்வூர் இரண்டுபட்டு நிற்கிறது. வரும் கிராம சபையில் இது முடிவாக வேண்டும். அவ்வூர் உறுப்பினர்களும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். எனினும் அவர்களை மட்டும் எண்ணி இதைப் பேசவில்லை. அங்கே வந்து இறங்கிய லாரி நாளை உங்கள் ஊர் எல்லைக்கும் வரக்கூடும்.

ஏன் வரும் என்கிறீர்களா? பெரிய கம்பெனிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் கணினிகளை மாற்றுகின்றன. அன்றியும், முன்பு தம் கட்டடத்திலேயே இயந்திரங்களை வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள், இப்போது அந்த வேலையை வெளியிடத்து இயந்திரங்களில் வாடகைக்கு நடத்திக்கொள்கிறார்கள். ஆகவே, ஓடக்கூடிய நிலையிலேயே பல இயந்திரங்கள் வேலையிழந்து நிற்கின்றன. அவற்றைக் கழிவென்று ஒதுக்குவதைவிட ஒரு கிராமத்துக்குக் கொடுப்பது மேல் என்று நல்லெண்ணம் உடையோர் கருதுகிறார்கள். இது பாராட்டத்தக்க எண்ணமே. ஆனால், கொடுப்பவருக்கு இடம் காலியாகிறது, வாங்குபவருக்கு இடம் அடைகிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

முதலில் அந்தப் பட்டறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். ஊராட்சியின் பழைய கட்டடம் ஒன்றைப் பழுதுபார்த்து, மகளிர் குழுக்களும் இளைஞர்களும் கூட்டாக நடத்திவரும் தொழிற்கூடம் அது. எரிந்துபோன மோட்டாருக்குச் சுருள் கட்டுதல், விசைத்தெளிப்பான் பழுது நீக்குதல், வெல்டிங், கைப்பேசி பழுது ஆகியன ஒரு பக்கம். மறுபக்கத்து அறையில் தையல் வகுப்பு. சித்திரை, வைகாசியில் கிணற்று நீர் கீழே இறங்கி, நீர்மூழ்கி மோட்டார்கள் வறண்டு ஓடி எரியும் காலத்தில், சுற்றுப்பட்டு உழவர்கள் நகரத்துக்கு ஓடாமல் அங்கேயே சுருள் கட்டிக்கொண்டு போகிறார்கள். பயிர் வாடும் நேரத்தில் இரண்டு நாள் மிச்சமாவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பட்டறையின் உயிர்நாடி அதன் சிறு சேமிப்பு நிதி. பருவம் தொடங்குமுன் தாமிரக் கம்பி வாங்கி வைக்க அந்த நிதிதான் உதவுகிறது.

இனி வந்த பொருள்கள். ஆள் உயரத்துக்கு மேற்பட்ட இரும்பு அலமாரி ஒன்று, அதில் அடுக்கப்பட்ட சர்வர்கள் 6, மின்சாரம் நின்றால் தாங்குவதற்கான பாட்டரிச் சாதனம், இவற்றுடன் மேசைக் கணினிகள் 10. புதிதாக வாங்கியபோது பல லட்சம் பெறுமானம் என்று உடன் வந்த கடிதம் கூறுகிறது. அது மெய்யாகவே இருக்கும். அலமாரி தையல் அறைக்குள் சென்றது. தையல் வகுப்பு தாழ்வாரத்துக்கு வந்தது.

சர்வர் என்றால் என்ன என்று உழவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். உணவு விடுதியில் பரிமாறுகிறவரை நாம் சர்வர் என்கிறோம் அல்லவா? பொருள் அதுவேதான். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் வெவ்வேறு இடங்களிலிருந்து கேட்கும் தகவல்களை எடுத்துப் பரிமாறுவதற்கென்றே அமைந்த கணினி அது. பந்தி நிறைந்திருக்கும் இடத்தில் ஆறு பேர் பரிமாறினால் அழகு. உண்பதற்கு ஆளே வராத மண்டபத்தில் ஆறு பேரை இரவு பகலாக நிறுத்திக் கூலியும் சாப்பாடும் கொடுப்பானேன்? அந்தப் பட்டறையில் ஒரே நேரத்தில் கணினியை நாடுவோர் நாலைந்து பேருக்கு மேல் இல்லை.

இந்தக் கூலி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கு எளியது. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இவ்வகைப் பழைய சர்வர் ஒன்று, பெரிய வேலை எதுவும் இல்லாமல் சும்மா விழித்துக்கொண்டிருக்கவே சுமார் 200 வாட் இழுக்கும். ஆறுக்கு 1,200 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே, ஒன்றரைக் குதிரைத்திறனுக்கும் சற்று அதிகமான மோட்டார் ஒன்றை இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டுவதற்கு இது ஒப்பாகும். ஆனால் வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. நாளொன்றுக்கு 28.8 யூனிட், மாதம் 864 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 8,640 ரூபாய். வீட்டு இணைப்புகளுக்குரிய இலவச யூனிட் சலுகை பட்டறைக்குக் கிடையாது. சாதனங்கள் ஓடிய பின் வந்த முதல் மின்கட்டணச் சீட்டு, முன்னிருந்ததைப் போல் பல மடங்காக இருந்தது. தாமிரக் கம்பிக்கென்று வைத்திருந்த நிதியிலிருந்து அதைக் கட்டினார்கள். இன்னும் இரண்டு சீட்டு இப்படி வந்தால், அடுத்த கோடையில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் உழவரைக் கம்பி இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டியதுதான். ஊர் இரண்டுபட்டதன் காரணம் இதுவே.

பக்கத்துக் கிணற்று இணைப்பிலிருந்து ஒரு கம்பி இழுத்துக்கொள்ளலாகாதா என்று ஒரு நண்பர் மெல்லக் கேட்டார். அவர் இன்றும் இந்த அவையில் இருக்கிறார், சிரிக்கவும் சிரிக்கிறார். உழவுக்கென்று இலவசமாகத் தரப்படும் மின்சாரத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவது, 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. அபராதம் பட்டறைக்கு மட்டுமன்று, கிணற்றுக்காரருக்கும் வந்து சேரும்.

மின்சாரத்தோடு செலவு நிற்பதில்லை. சர்வர் உண்ணும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. 1,200 வாட் அடுப்பு ஒன்று மூடிய அறைக்குள் நாள் முழுதும் எரிவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இவ்வியந்திரங்களுக்கு உகந்த காற்றின் வெப்பநிலை 18 முதல் 27 டிகிரி வரை என்பது துறை வல்லுநர் வகுத்த அளவு. நம் பக்கத்துக் கோடையோ 40-ஐத் தொடும். குளிர்சாதனம் வைத்தால் அதற்குத் தனி மின்சாரம், வைக்காவிட்டால் இயந்திரத்துக்குக் கேடு. தூசியும் அதற்குப் பகை. அதே கூரையின்கீழ்ச் சாணைக்கல்லும் வெல்டிங்கும் நடக்கின்றன. உள்ளிருக்கும் சிறு விசிறிகள் நிமிடத்துக்குப் பதினாயிரம் சுற்று அளவில் சுழன்று எழுப்பும் ஓசையில், தையல் ஆசிரியை சொல்வது முன் வரிசைக்கே கேட்பதில்லை. பாட்டரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈய அமிலப் பாட்டரி 25 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஐந்தாண்டு உழைக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும். வந்த பாட்டரிகளோ ஏற்கெனவே பல ஆண்டு உழைத்தவை.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்ற பழமொழியை அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் நம்மிடம் எடுத்துக்காட்டினார். சரிதான், பல்லைப் பார்க்க வேண்டாம். ஆனால் மாட்டை ஓட்டி வருமுன் நம் வீட்டு வைக்கோற்போரைப் பார்க்க வேண்டுமா, இல்லையா? பஞ்சகாலத்தில் தானமாக வந்த மாடு பட்டினி கிடந்தால் பாவம் யாரைச் சேரும் என்று அந்தப் பெரியவரிடமே கேட்டோம். அவர் யோசித்துச் சொல்வதாகக் கூறினார். அவருடைய கவலையிலும் நியாயம் இருக்கிறது. கொடுத்ததைத் திருப்பினால் கொடுத்தவர் மனம் நோகும், நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை கேட்டுப் போனால் முகம் கொடுக்கமாட்டார் என்பது அவர் அச்சம்.

நம் நாட்டில் ஊர்ப்பொதுவில் சாதனங்கள் வந்திறங்கியது இது முதல் தடவையன்று. ஊராட்சிப் பூங்காவின் நடுவே வானொலி அறை இருந்த காலத்தை இங்குள்ள மூத்தோர் அறிவர். அதன் பின் தொலைக்காட்சி அறைகள் வந்தன. ஊரே கூடி உட்கார்ந்து பார்த்தது. 2006-இல் வீடுகளுக்கு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கும் திட்டம் தொடங்கியது. அறைகளுக்கு வேலை போயிற்று. இன்று பல ஊர்களில் அவ்வறைக்குள் துடைப்பமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் இருக்கக் காணலாம். சாதனம் கெட்டுப்போகாமலே அதன் பயன் தீர்ந்துவிடுவதுண்டு என்பதற்கு இது நம் கண்முன் நிற்கும் உதாரணம்.

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி காட்டப்பட்டது. செயற்கைக்கோள் அமெரிக்காவின் நாசா இரவலாகத் தந்தது. ஓராண்டு முடிந்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதில் மனக்கசப்பு எதுவும் எழவில்லை, ஏனெனில் ஓராண்டுக்கு மட்டுமே என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்ட ஒப்பந்தம். தானத்துக்கும் இரவலுக்கும் கால எல்லையை எழுதி வைத்துக்கொள்வதில் அவமானம் எதுவுமில்லை.

கணினியைப் பொறுத்தமட்டில் நமக்கு மிக அருகிலேயே இரண்டு அனுபவங்கள் உள்ளன. ஒன்று புதுச்சேரிப் பகுதியில் நடந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம், சுற்றுக் கிராமங்களில் கிளை மையங்கள். கணினியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்ன செய்வது என்று பிறகு யோசிக்கவில்லை. உங்களுக்கு வேண்டிய தகவல் எது என்று முதலில் ஊராரைக் கேட்டார்கள். இடத்தை ஊர் கொடுத்தது, நடத்துவதற்குத் தொண்டர்களையும் ஊரே கொடுத்தது. சாதனத்தை மட்டும் நிறுவனம் தந்தது. மின்சாரம் அடிக்கடி தடைப்படும் என்பதை முன்னறிந்து சூரிய ஒளி மின்சாரத்துக்கும் வழி செய்தார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற செய்தி. அதை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கி மூலம் கரையில் அறிவித்தார்கள். கவனியுங்கள்: ஒரு சாதாரணக் கணினி, ஒரு ஒலிபெருக்கி. இவற்றால் கட்டுமரத்தில் போகிறவனுடைய உயிருக்கு ஒரு காவல் கிடைத்தது.

மற்றொன்று மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2001-இல் தொடங்கிய திட்டம் அது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தால் கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டுசென்றார்கள். ஆங்காங்கே கணினி மையங்கள் திறக்கப்பட்டன. சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் அங்கிருந்தபடியே விண்ணப்பம் செய்ய வசதி வந்தபோது மக்கள் நாடிவந்தார்கள். தொழில்நுட்பத்தில் குறையில்லை. இருந்தும் சில ஆண்டுகளில் அவற்றுள் பல மூடப்பட்டன. வருமானம் செலவுக்கு எட்டவில்லை. கணினியில் முறையான பயிற்சி உடையவர் நடத்திய மையங்கள் மற்றவற்றைவிட அதிக நாள் நீடித்தன என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆதரவு காட்டிய அதிகாரிகள் மாறுதலாகிச் சென்றதும் அரசுச் சேவைகள் தளர்ந்தன என்பதும் அவர்கள் கண்ட காரணங்களுள் ஒன்று. இதை நாமே உங்களிடம் சொல்வது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அலுவலர்களாகிய நாம் இரண்டு, மூன்று ஆண்டில் மூட்டை கட்டிப் போய்விடுவோம். அலமாரி அங்கேதான் நிற்கும்.

இவ்வளவு சொன்னதால், வந்த சாதனம் அத்தனையும் வேண்டாம் என்பது நம் கருத்து என்று எண்ணிவிடாதீர்கள். அவ்வூர் இளைஞர்கள் சொன்ன வாதம் எல்லாவற்றிலும் வலியது, அதை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. “நகரத்துக் கல்லூரியில் படிக்கிறவனுக்குக்கூட இவ்வகை இயந்திரத்தைத் தொட்டுப் பார்க்க வாய்ப்பில்லை. இதைக் கழற்றி மாட்டி, நடத்திப் பழகினால் எங்களுக்கு வேலை கிடைக்கும். மோட்டார்ச் சுருள் கட்டிக்கொண்டே இருங்கள் என்று எங்களுக்குச் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?” என்று ஓர் இளைஞர் நேருக்கு நேராகவே கேட்டார். கேட்டது நன்று. சுருள் கட்டும் தொழில் தாழ்ந்ததென்ற அவருடைய எண்ணத்தை மட்டும் நாம் ஏற்கவில்லை.

ஆனால் கற்பதற்கு எத்தனை சர்வர் வேண்டும்? ஒன்று போதும். பழுதுக்கு மாற்று உறுப்பு எடுக்க இன்னொன்று இருக்கலாம். கற்கும் நேரத்தில் மட்டும் ஓட்டினால் போதும். வாரத்தில் இரண்டு மாலை, மாலைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சர்வர் ஒரு மாலையில் 0.6 யூனிட் செலவழிக்கும். மாதத்துக்கு எட்டு மாலை, ஆக 4.8 யூனிட். முன்பு சொன்ன அதே விலைக்கு மாதம் 48 ரூபாய். 8,640 எங்கே, 48 எங்கே! இயந்திரத்தை விலக்காமலே செலவை விலக்கும் வழி இது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அருகிலுள்ள பாலிடெக்னிக் கல்லூரி ஆசிரியரோ மேல்வகுப்பு மாணவரோ அந்த இரண்டு மாலையும் வந்துபோக எழுத்து மூலம் இசைய வேண்டும். கற்பிப்பவர் இல்லாத சர்வர் வெறும் இரும்பு. ஆறு மாதத்தில் ஆசிரியர் அமையவில்லையென்றால் அந்த ஒன்றையும் அனுப்பிவிடலாம்.

மேசைக் கணினிகள் பத்தைப் பற்றி நம் கருத்து வேறு. அவை பெரும்பாலும் வைத்துக்கொள்ளத் தக்கவை. அவற்றில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாப்ட் கம்பெனி வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 பழைய இயந்திரம் பலவற்றில் ஏறாது. நகரத்துக் கம்பெனிகள் நல்ல கணினிகளையும் கழிப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை அவற்றில் ஏற்றிக்கொள்ளலாம். தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாக இவ்வகை மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி நடத்திவருகின்றன. மேசைக் கணினியை வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம், ஆகவே மின்சாரமும் கட்டுக்குள் நிற்கும்.

அவற்றுக்கு வேலை உண்டா என்று கேட்டால், இங்கும் உண்மையைச் சொல்லிவிடுவோம். விலை நிலவரம் பார்ப்பதற்கும் மானியத்துக்கு விண்ணப்பிப்பதற்கும் கணினி மையம் வேண்டும் என்று எழுதுவது இப்போது பழைய வழக்கம். 2018-இல் வந்த உழவன் செயலி உங்களில் பலர் சட்டைப்பையில் இருக்கிறது. அந்த வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகளில் சில இன்னும் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன, அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எனவே பட்டறைக்குள்ளேயே வேலை தேடினோம். கிடைத்தது. சுருள் கட்டும் மூத்த தொழிலாளி எண்ணெய்க் கறை படிந்த நோட்டு ஒன்றை வைத்திருக்கிறார். எந்தக் கம்பெனி மோட்டார், எத்தனை குதிரைத்திறன், எத்தனை பள்ளம், பள்ளத்துக்கு எத்தனைச் சுற்று, கம்பியின் கனம் என்ன என்பதெல்லாம் இருபதாண்டு அனுபவமாக அதில் இருக்கிறது. அந்த நோட்டு நனைந்தாலோ தொலைந்தாலோ பட்டறைக்குப் பாதி கை போன மாதிரி. அதைக் கணினியில் ஏற்றிப் படி எடுத்து வைப்பது ஓர் ஊர் செய்யக்கூடிய அருமையான காரியம். தையல் அளவுகளும் வாடிக்கையாளர் கணக்கும் அதனோடு சேரலாம். மாலையில் பள்ளிப் பிள்ளைகள் தட்டச்சுப் பழகலாம். இவற்றுக்கெல்லாம் ஐந்தோ ஆறோ கணினி போதும். மீதியை ஊர் நடுநிலைப் பள்ளி கேட்கிறது. தலைமையாசிரியர் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

எஞ்சுவது நான்கு சர்வர்களும் பாட்டரிகளும். விற்றுப் பணமாக்கிப் பட்டறை நிதியில் சேர்க்கலாம் என்றொரு யோசனையும் வந்தது. பொதுக் காரியத்துக்கென்று பெயரிட்டுக் கொடுத்த பொருளைக் கொடுத்தவருக்குத் தெரியாமல் விற்பது முறையாகாது. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தலைவர். அவரை அந்த நிலைக்கு ஆளாக்காதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது அதைவிடத் தவறு. கம்பியை எரித்துத் தாமிரம் எடுப்பவர்கள் எழுப்பும் புகையில் நஞ்சு இருக்கிறது. உடைத்தெறிந்த பலகைகளிலிருந்து ஈயம் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும். மின்னணுக் கழிவுக்கும் பாட்டரிக் கழிவுக்கும் 2022-இல் தனித்தனி விதிகள் வந்துள்ளன. மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. இவற்றின் நோக்கம், கழிவானவை பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பது. ஆகவே, கொடுத்தவருக்கே எழுதுவதுதான் நேர்வழி.

என்ன எழுதுவது? மரியாதையாக, உள்ளதை உள்ளபடி எழுதலாம். இன்னின்ன பொருளை இன்னின்ன வேலைக்கு வைத்துக்கொண்டோம், நன்றி. இவ்வளவு எங்கள் ஊருக்கு மிகுதி. இதைத் தாங்கள் எடுத்துச் செல்லலாம், அல்லது பயன்படுத்தக்கூடிய கல்லூரிக்கு மாற்றத் தாங்கள் சம்மதம் தரலாம். நம் அனுபவத்தில், உண்மையாகவே உதவ விரும்புகிறவர் இக்கடிதத்தால் மனம் நோகமாட்டார். பூட்டிய அறையில் தூசி படிந்து கிடப்பதை ஓராண்டு கழித்து நேரில் வந்து பார்த்தால்தான் நோவார். அதே கடிதத்தில் இரண்டு கேள்வியும் கேட்டுக்கொள்ள வேண்டும். வன்தட்டுகளில் இருந்த அவர்களுடைய தகவல்கள் முழுதும் அழிக்கப்பட்டனவா என்பது ஒன்று. பிறருடைய சொந்த விவரங்களைக் காப்பதற்கு 2023-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. ஊராட்சிக்கு அந்த வம்பு வேண்டாம். வைத்துக்கொள்ளும் பொருள்கள் ஆயுள் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா என்பது மற்றொன்று. பெரிய கம்பெனிகள் தம் ஆதாயத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் கூறுகிறது. அந்தக் கம்பெனி இதற்கு உட்பட்டதாயின், ஓர் ஆசிரியரின் இரண்டாண்டுச் சம்பளத்தைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆறு சர்வரைவிட அந்த ஒருவரால் ஊருக்குப் பயன் அதிகம் என்பது நம் அபிப்பிராயம்.

தையல் வகுப்புச் சகோதரி ஒருவர் கூட்டத்தின் கடைசியில் எழுந்து, “எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகட்டும், அந்த இரும்பு அலமாரியை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், துணி அடுக்க நன்றாக இருக்கும்” என்றார். கூட்டம் சிரித்தது. கடிதத்தில் அதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம் என்பதே நம் யோசனை.

கிராம சபைத் தீர்மானத்தில் விடுபடக் கூடாதவற்றைச் சொல்லிவிடுகிறோம். வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு பொருளும் எண்ணுடன் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். அது யார் பொறுப்பில் இருக்கும், எத்தனை மணி நேரம் ஓடும், மின்கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து போகும் என்பதைப் பெயரும் தொகையுமாக எழுத வேண்டும். தாமிரக் கம்பி நிதியைத் தொடலாகாது என்று தனி வரியாகவே எழுதிவிடுங்கள். ஓராண்டு கழித்து அதே கிராம சபையில் மறுபடியும் பார்வைக்கு வைப்பதாகவும் ஒரு வரி இருக்கட்டும். தையல் வகுப்பு எந்தத் தேதியில் தன் அறைக்குத் திரும்பும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். அதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மழைக்காலம் வந்துவிடும்.

நன்கொடையாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி நம் அலுவலகத்தில் தயாராக இருக்கிறது. வேறு ஊராட்சிகளிலும் பூட்டிய அறைகளில் இவ்வாறு வந்த சாதனங்கள் இருக்கலாம். அவற்றின் பட்டியலை இம்மாத இறுதிக்குள் கொடுத்தால், பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவரை அழைத்துவந்து எது ஓடும், எது ஓடாது என்று ஒரே சுற்றில் பார்த்துவிட ஏற்பாடு செய்கிறோம். இப்போது அவ்வூர் உறுப்பினர்கள் தம் கருத்தைக் கூறலாம். இளைஞர்கள் முதலில் பேசட்டும்.